பழைய வால்வு ஆம்ப்பைத் திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கியாயிற்று, இனி பயமில்லை என்று நம்பித்தான் என் முதல் வால்வு (கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், கை வைத்தேன். முழங்கை வரை மரத்துப்போனது. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கியிருக்கலாம். பிளக்கை எடுத்த பிறகும் அது தானாக வடிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரு முனையிலும் நன்றாக இன்சுலேஷன் போட்ட வயர். ஒரு முனையை முதலில் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) கிளிப் போட்டு மாட்டுவேன். மறு முனையை ஒவ்வொரு கெபாசிட்டரின் பாசிட்டிவ் காலிலும் பத்து விநாடி வைப்பேன். அப்போது இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இரு கையும் உள்ளே இருந்தால் ஷாக் இதயம் வழியாகப் பாயலாம். அப்புறம் மல்டிமீட்டரில் அளப்பேன். சில நிமிடம் கழித்து மறுபடியும் அளப்பேன், ஏனென்றால் வடித்த கெபாசிட்டரில் கொஞ்சம் வோல்டேஜ் திரும்ப ஏறும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தெறிக்கும் பொறி கெபாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

இரண்டு பின் பிளக் உள்ள ஆம்ப் என்றால் அதை வாசிக்கவே வேண்டாம். அதில் பெரும்பாலும் மெயின்ஸ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு சிறு கெபாசிட்டர் போகும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி வரை கரண்ட் வரும். வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் உயிரே போகலாம். அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு, எர்த்துடன் மூன்று பின் வயர் போடச் சொல்லுங்கள். இதில் பழமையைக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பீக்கரை மாட்டாமல் ஆன் செய்யக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். ஃப்யூஸ் போனால் அதே மதிப்பில்தான் போட வேண்டும்.

பல வருடம் தூங்கிய ஆம்ப்பை நேராக மெயின்ஸில் போடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை (எல்இடி அல்ல, இழை உள்ளது) தொடராக இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கலாம்.

வாசிக்கும்போது பவர் வால்வுகளைப் பாருங்கள். நடுவே ஆரஞ்சு நிறம் இருந்தால் இயல்பு. வெளித் தகடே சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்; பயாஸ் (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) தவறியிருக்கலாம், இல்லை முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்திருக்கலாம்.