தோட்டக் குத்தகையாளரும் பாதுகாப்புச் சோதனையும்: அதிகாரி வருமுன் செய்ய வேண்டியவை, நோட்டீஸ் வந்தபின் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டுவது, மருந்து அடிப்பது, லோரியில் ஆலைக்குப் பழம் ஏற்றுவது என்று ஆறேழு ஆட்களை வைத்துக் குத்தகை எடுத்து நடத்துபவர்களில் பலர், பாதுகாப்புச் சட்டம் என்பது பெரிய தோட்ட நிறுவனங்களின் தலைவலி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆட்களை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பவர் எவரோ அவரே முதலாளி. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் குத்தகைக்கு விடும் நிர்வாகத்தின் மீதும் ஒரு கடமையைச் சுமத்தியிருக்கிறதே தவிர, குத்தகையாளரின் சுமையை இறக்கி வைக்கவில்லை. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் முன்பு 50,000 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. இப்போது 500,000 வெள்ளி. இதனுடன் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். 5 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். அந்தப் பொறுப்பை வீட்டில் கணக்கு எழுதும் பிள்ளையின் பெயரில் போட்டுவைப்பதைவிட, தினமும் ஆட்களோடு காட்டுக்குள் இறங்கும் மண்டோரை (மேற்பார்வையாளரை) பயிற்சிக்கு அனுப்புவதே பயன் தரும். 40 பேர் சேர்ந்துவிட்டால் பாதுகாப்புக் குழுவும் அமைக்க வேண்டும். எழுத்தில் ஒரு பாதுகாப்புக் கொள்கை, செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஆபத்து மதிப்பீடு ஆகிய இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். காசு கொடுத்து எவரிடமோ வாங்கிய மதிப்பீட்டில் கட்டுமானச் சாரக்கட்டைப் பற்றி ஒரு பக்கமும் செம்பனையைப் பற்றி ஒரு வரியும் இருந்தால், அதிகாரிக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவைப்படாது.

தாளில் எழுதியிருப்பது காட்டில் நடக்கிறதா என்பதுதான் சோதனையின் உயிர்நாடி. குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்சாரம் கடத்தும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தின் எந்த வரிசையின் மேலே மின்கம்பி போகிறது என்பது புதிதாக வந்த ஆளுக்குத் தெரியாது. ஆகவே, அந்த வரிசைகளுக்கு அடையாளம் போட்டு, அங்கே நீளக் கம்பைத் தூக்கக்கூடாது என்று காலைப் பிரட்டிலேயே (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டும்போதே) சொல்லி, சொன்னதைப் பதிவு செய்து வைக்க வேண்டும். அரிவாளுக்கும் உளிக்கும் உறை இருக்கிறதா, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்த உறை உண்மையில் மாட்டப்படுகிறதா, டிராக்டரின் பின்பெட்டியில் பழத்தின் மேல் ஆள் உட்கார்ந்து போகிறாரா என்பவை ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுபவை.

மருந்து அடிக்கும் வேலையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைகளின்படி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் இரசாயன ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். 5 ஆண்டு கடந்தால் அந்த மதிப்பீடு பழசாகிவிடும். மருந்துக் கிடங்குக்குப் பூட்டு, கலக்கும் இடத்தில் தண்ணீர், கையுறை, முகக்கவசம், காலணி எல்லாம் இருந்தும், முதுகில் டாங்கியைச் சுமந்து நிற்கும் பங்களாதேஷ் இளைஞரிடம் அதற்குள் என்ன மருந்து என்று அதிகாரி கேட்கும்போது அவர் மண்டோரின் முகத்தைப் பார்த்தால், கோப்பில் இருக்கும் பயிற்சிக் கையெழுத்து செல்லாக்காசுதான். அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. கிடங்கின் மூலையில் பழைய பாராகுவாட் களைக்கொல்லிக் கலன் கிடந்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அது 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய காலணிக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றமே. நம் பக்கத்தில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து ஜே.கே.கே.பி. எனும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் அதிகாரி முன்னறிவிப்பின்றியே வரலாம். அவருடைய அதிகார அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. படம் எடுக்கவும், மாதிரி எடுக்கவும், ஆவணங்களைப் பார்க்கவும், தொழிலாளர்களை விசாரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தடுப்பது தனிக் குற்றம். ஒருங்கிணைப்பாளர் கூடவே நடந்து, அதிகாரி சுட்டிக்காட்டும் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லலாம். அந்த நேரத்தில் அவசரமாகப் பழைய தேதி போட்டுத் தயாரித்த தாள் பின்னால் வழக்காகும்போது உங்களுக்கே எதிர்சாட்சியாக நிற்கும். அதிகாரியிடம் உள்ளதைச் சொன்ன தொழிலாளியை மறுநாள் வேலையை விட்டு நிறுத்துவதையும் சட்டம் அனுமதிப்பதில்லை.

குறை இருந்தால் கையில் வருவது பெரும்பாலும் நோட்டீஸ். மேம்பாட்டு நோட்டீஸ் என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும், வேலை தொடரலாம். தடை நோட்டீஸ் வந்தால், ஆபத்து நீங்கும்வரை அந்த வேலையோ அந்த இயந்திரமோ நிற்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: குறையைச் சரிசெய்துவிட்டு, செய்ததை எழுத்தில் தெரிவிக்காமல் இருந்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வாங்கிய பொருளின் ரசீது, பயிற்சிப் பதிவு ஆகியவற்றை இணைத்துத் தேதிக்கு முன்பே கடிதம் அனுப்புங்கள். முடியாது என்று தெரிந்தால், தவணை முடிவதற்கு முன்பே காரணத்தைக் காட்டிக் கால நீட்டிப்புக் கேளுங்கள். நோட்டீஸே தவறு என்று தோன்றினால் தலைமை இயக்குநரிடம் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால், முடிவு வரும்வரை தடை செய்யப்பட்ட வேலையைத் தொடுவது விவேகமன்று. நோட்டீஸை அலட்சியம் செய்வதற்கும் உச்ச அபராதம் 500,000 வெள்ளிதான். அதற்கு மேல் மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 2,000 வெள்ளி வரை ஏறும். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்று பதிவு செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்பாரும் உண்டு. நிறுவனத்தோடு இயக்குநர்கள் மீதும் வழக்குத் தொடர இப்போது இடமிருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால் வரிசை வேறு. மரணமோ பலத்த காயமோ ஏற்பட்டால், காயம்பட்டவரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர அந்த இடத்தில் எதையும் நகர்த்தாமல், ஜே.கே.கே.பி.க்கு உடனே தகவல் கொடுத்து, 7 நாளுக்குள் ஜே.கே.கே.பி. 6 படிவத்தை அனுப்ப வேண்டும். 4 நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்துக்கும் அதே 7 நாள் தவணை உண்டு. தொழிலாளர் காப்புறுதியை நடத்தும் பெர்கேசோவுக்கு 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். ஆண்டு முழுவதுமான பதிவு ஜே.கே.கே.பி. 8 படிவத்தில் அடுத்த ஜனவரி 31க்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு விபத்தும் நடக்காத ஆண்டுக்கும் அந்தப் படிவம் உண்டு.