அமெரிக்கக் கல்லூரிகளை நேரில் பார்ப்பதும் விண்ணப்பிப்பதும்: ஹைஸ்கூல் மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடப்பதை அடிக்கடி காண்கிறேன். பதினோராம் வகுப்பின் வசந்த விடுமுறையில் குடும்பத்தோடு காரில் சென்று நான்கைந்து கல்லூரிகளைச் சுற்றிப் பார்ப்பது ஒன்று. அடுத்த இலையுதிர்காலத்தில் மாணவர் தனியே அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்புவது மற்றொன்று. உண்மையில் இவை இரண்டும் ஒரே வேலைதான். நேரில் சென்றபோது எதைக் கேட்டீர்கள், எதைக் குறித்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே எங்கே விண்ணப்பிப்பது, எந்தச் சுற்றில் விண்ணப்பிப்பது, கட்டுரையில் என்ன எழுதுவது என்ற முடிவுகள் அமைய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று முதல் முறையாக இதில் இறங்குபவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: புறப்படும் முன்பே செலவைக் கணக்கிடுங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இதுவே. மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ என்ற நிகரச் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டப்படி கட்டாயம். குடும்ப வருமானம், சேமிப்பு, வீட்டில் எத்தனை பேர் போன்ற விவரங்களைக் கொடுத்தால், திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை போக ஆண்டுக்கு உங்கள் குடும்பம் ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று அது காட்டும். ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கும் மேல் என்று அறிவிக்கும் தனியார் கல்லூரி, நடுத்தர வருமானமுள்ள ஒரு குடும்பத்துக்கு சொந்த மாநிலத்தின் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவான செலவில் முடியக்கூடும். வருமானம் கூடுதலாக உள்ள குடும்பத்துக்கு அதே கல்லூரி முழு விலையிலேயே நிற்கும். ஆகவே அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்து ஒரு கல்லூரியைத் தள்ளுவதும் தவறு, கொள்வதும் தவறு. பெற்றோர் சொந்தத் தொழில் செய்பவர்களாகவோ மணவிலக்குப் பெற்றவர்களாகவோ இருந்தால் இந்தக் கணிப்பு பிசகலாம் என்பதால், அவர்கள் நிதியுதவி அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்பது நல்லது.

பெற்றோரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும்? நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பணக் கணக்கைப் பேசத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் விலையை, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஏப்ரல் மாதத்தில் மாணவர்தான் கண்ணீரோடு கொடுக்க நேர்கிறது.

வேலை விசாவில் உள்ள பெற்றோரைச் சார்ந்து வந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருக்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் கிடைக்கும் மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் இவர்களுக்குக் கிடையாது. மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் இவர்களுக்குப் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல தனியார் கல்லூரிகள் இவர்களை நிதியுதவி விஷயத்தில் வெளிநாட்டு மாணவர்களாகவே கருதுகின்றன. பணம் கட்டும் வசதி இல்லை என்பதே சேர்க்கைக்குத் தடையாகவும் ஆகலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற வெகுசில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவர்களுக்கும் வசதியைப் பாராமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. நீங்கள் பார்க்கப் போகும் ஒவ்வொரு கல்லூரியிடமும் விசா நிலையைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: தரவரிசையை மூடி வைத்துவிட்டுப் பட்டியல் போடுங்கள்

தரவரிசைப் பட்டியல் உங்களைப் பற்றி எதையும் அறியாது. அதற்குப் பதிலாக இரண்டு இடங்களில் தேடுங்கள். கல்வித்துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் எத்தனை விழுக்காட்டினர் பட்டம் பெறுகிறார்கள், குறிப்பிட்ட துறையில் படித்தவர்களின் வருமானம் என்ன, கடன் எவ்வளவு என்பவை உள்ளன. அடுத்தது, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணம். அதில் சி7 என்ற பகுதியில், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், மாணவர் காட்டிய ஆர்வம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்று கல்லூரியே குறித்திருக்கும். காட்டிய ஆர்வத்தைக் கணக்கில் எடுப்பதாகக் குறித்திருந்தால், நேரில் செல்வதும் இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்வதும் விண்ணப்பத்துக்கே உதவும். இல்லையென்றால் அந்தப் பயணம் உங்கள் தெளிவுக்காக மட்டுமே.

கணினி அறிவியல் படிக்க விரும்புபவர்கள் கல்லூரியை மட்டும் பார்க்காமல் துறைச் சேர்க்கை விதியையும் படியுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாட்டில் வளாகத்தில், முதலிலேயே அத்துறைக்கு நேரடியாகச் சேர்க்கப்படாதவர் பிறகு அதற்கு மாறுவது மிகவும் கடினம். ‘முதலில் உள்ளே போய்விடுவோம், பிறகு துறையை மாற்றிக்கொள்ளலாம்’ என்ற அறிவுரையைப் பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் நம்பக் கூடாது.

படி 3: பயணத்தைத் திட்டமிடுங்கள்

முதல் பயணத்தைக் கனவுக் கல்லூரிக்குப் போகாமல், அருகருகே இருக்கும் இரண்டு வேறுபட்ட கல்லூரிகளுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஒரே ஊரில், இளநிலை மாணவர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகமும், மொத்தமே இரண்டாயிரம் பேரளவு உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் இருக்கின்றன. இப்படி இரண்டை ஒரே நாளில் பார்த்தால், பெரிய இடம் உங்களுக்கு ஒத்துவருமா, சிறிய இடமா என்பது சில மணி நேரத்தில் புலப்படும். உங்கள் பகுதியிலும் இத்தகைய இணை ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

மாணவர்கள் வகுப்பில் இருக்கும் வாரநாளில் செல்லுங்கள். கோடை விடுமுறையிலும் நன்றி நவிலல் வாரத்திலும் வளாகம் வெறிச்சோடியிருக்கும்; டிசம்பர், மே மாதத் தேர்வு நாட்களில் யாருக்கும் பேச நேரம் இராது. சேர்க்கை அலுவலகத்தின் தளத்தில் முன்பதிவு செய்வது அவசியம். வசதி குறைந்த குடும்பங்களின் மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் தங்கள் செலவிலேயே விமானப் பயணமும் தங்குமிடமும் தருகின்றன. ‘ஃப்ளை-இன்’ எனப்படும் இத்திட்டங்கள் பலவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்போ தொடங்கியவுடனோ விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

படி 4: வளாகத்தில் என்ன செய்வது

அறிமுகக் கூட்டம் ஒன்றும், மாணவ வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் சுற்றுலாவும் எல்லா இடங்களிலும் உண்டு. இரண்டிலும் கலந்துகொள்ளுங்கள். ஆனால் அவை முடிந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது என்று கொள்ளுங்கள். வழிகாட்டி பயிற்சி பெற்றவர். அவர் நல்லவற்றைச் சொல்வார், அது அவர் கடமை. அதனால் உணவுக்கூடத்திலோ நூலகத்தின் வாயிலிலோ பயிற்சி பெறாத இரண்டு மூன்று மாணவர்களிடம் பேசுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியுடன் பேசுவார்கள்.

‘இங்கே உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். நடந்ததைக் கேளுங்கள். சென்ற பருவத்தில் உங்கள் மிகப் பெரிய வகுப்பில் எத்தனை பேர், அதை நடத்தியவர் பேராசிரியரா, முதுநிலை மாணவரா? வேண்டிய பாடத்தில் இடம் கிடைக்காமல் போனதுண்டா? பாடத் தேர்வில் ஆலோசனை கூறுபவரைக் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள்? சென்ற வார இறுதியில் என்ன செய்தீர்கள்? இரண்டாம் ஆண்டில் விடுதியில் இடம் உறுதியா, வெளியே வீடு தேட வேண்டுமா? இவற்றுக்கு வரும் பதில்கள் எந்தக் கையேட்டிலும் இராது.

அனுமதி வாங்கி, நீங்கள் படிக்க விரும்பும் துறையின் முதலாண்டு வகுப்பு ஒன்றில் அமருங்கள். மாணவர்கள் கேள்வி கேட்கிறார்களா, ஆசிரியர் அதற்கு நின்று பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். துறைக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். இளநிலை மாணவர்களை ஆய்வுக்கு அழைக்கும் தாள்கள் அங்கே இருக்கின்றனவா, அல்லது முதுநிலை மாணவர்களுக்கான அறிவிப்புகள் மட்டுமா? மாணவர்கள் நடத்தும் செய்தித்தாளின் அண்மை இதழ்களைப் புரட்டுங்கள். அந்த வளாகம் எதைப் பற்றிச் சண்டையிடுகிறது என்பது அதில் தெரியும். பாதுகாப்பைப் பற்றிய கவலை இருந்தால், 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடும் வளாகக் குற்றங்கள் பற்றிய அறிக்கையை வாங்கிப் படியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேள்விகளை மாணவரே கேட்கட்டும். கூட்டத்தில் நீங்கள் முந்திக்கொண்டு மதிப்பெண் வரம்பைக் கேட்டால், பிள்ளை அதன்பின் வாயைத் திறப்பதில்லை. சுற்றுலாவில் தனித்தனிக் குழுக்களில் செல்வது நல்ல வழி. நிதியுதவி அலுவலகத்தில் பேசுவது உங்கள் பங்காக இருக்கட்டும்.

படி 5: அன்றிரவே எழுதிவிடுங்கள்

மூன்றாவது கல்லூரியைப் பார்த்து முடிப்பதற்குள் முதல் கல்லூரியின் நினைவு கலங்கிவிடும். ஊர் திரும்பும் முன்பே ஒரு பக்கம் எழுதுங்கள்: அமர்ந்த வகுப்பின் பெயர், பேசிய மாணவர் சொன்ன ஒரு செய்தி, கண்ணில் பட்ட ஆய்வகம், உறுத்திய ஒன்று. ‘அழகான வளாகம்’ என்று எழுதாதீர்கள். அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். இந்தப் பக்கம்தான் இலையுதிர்காலத்தில் உங்களுக்குப் பெருந்துணையாக இருக்கப் போகிறது.

நேரில் போக இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். இணையவழிக் கூட்டம், அங்கே படிக்கும் மாணவர் ஒருவருடன் காணொலி உரையாடல், மாணவர் செய்தித்தாள் ஆகிய மூன்றையும் கொண்டு இந்தப் பக்கத்தை எழுதிவிட முடியும்.

படி 6: விண்ணப்பத்தைத் தயாரியுங்கள்

ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதன் வழியே 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். அத்தனைக்கும் விண்ணப்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை. எட்டு முதல் பத்துக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றையும் அக்கறையோடு செய்வதே மேல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தனி விண்ணப்பம் வைத்திருக்கிறது. அங்கே எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை, எட்டு கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுத வேண்டும். எம்ஐடிக்கும் தனி விண்ணப்பம்தான். அது 2022இல் இத்தகைய தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. ஆகவே எந்தக் கல்லூரிக்கு எது தேவை என்று ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களைப் பதினோராம் வகுப்பு முடியும் முன்பே கேளுங்கள். அதிக மதிப்பெண் போட்டவரைவிட, நீங்கள் திணறி மீண்டதைப் பார்த்த ஆசிரியர் நல்ல கடிதம் எழுதுவார். மாணவர்களின் கல்விப் பதிவேடுகள் பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் தரும், கடிதத்தைப் பின்னர் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பம் கேட்கும். விட்டுக்கொடுப்பதே வழக்கம், கடிதத்துக்கு மதிப்பும் அதனால்தான்.

செயல்பாடுகள் பகுதியில் பத்து வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளே இடம். தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து பார்த்துக்கொள்வதும், மளிகைக் கடையில் மாலை வேலை பார்ப்பதும் இங்கே இடம்பெறத் தகுந்தவை. வீட்டுப் பொறுப்புகளை மாணவர்கள் கூச்சப்பட்டு மறைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். விருதுகளை அதில் அடுக்க வேண்டாம். அவை வேறு பகுதியில் உள்ளன. ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்ற துணைக் கட்டுரைக்கு வரும்போது, படி 5இல் எழுதிய பக்கத்தை எடுங்கள். எழுதியதில் கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டாலும் கட்டுரை அப்படியே பொருந்துகிறதென்றால் அதைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். நீங்கள் அமர்ந்த வகுப்பில் நடந்த விவாதமும், அது உங்கள் முந்தைய படிப்போடு எப்படி இணைகிறது என்பதும் வேறெந்தக் கல்லூரிக்கும் பொருந்தாது.

படி 7: எந்தச் சுற்று?

வழக்கமான சுற்றுக்கு முன்பே விண்ணப்பித்து, முன்பே பதில் பெறும் சுற்றுகள் இரண்டு உண்டு. அவற்றில் ‘எர்லி டிசிஷன்’ சுற்று ஒரு ஒப்பந்தம். ஒரே கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பிக்கலாம். மாணவர், பெற்றோர், பள்ளியின் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். நிதியுதவி போதாதபோது விலக வழி உண்டு என்றாலும், பல கல்லூரிகளின் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழப்பீர்கள். எனவே படி 1இல் கணக்கிட்ட தொகை முழு மனதோடு சரிப்பட்டால் மட்டுமே இதில் இறங்குங்கள். மற்றொன்றான ‘எர்லி ஆக்‌ஷன்’, இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டுப்படுத்தாது. இவ்விரண்டுக்கும் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. வழக்கமான சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம்.

மத்திய அரசின் நிதியுதவிக்கான ‘ஃபாஃப்ஸா’ படிவம் அக்டோபர் 1க்குள் திறக்கும். பல தனியார் கல்லூரிகள் அதோடு ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ என்ற விரிவான படிவத்தையும் கேட்கும். இரண்டையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

படி 8: பதில்கள் வந்த பிறகு

வழக்கமான சுற்றின் முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். நிதியுதவிக் கடிதங்களை ஒப்பிடும்போது, உதவித்தொகையையும் கடனையும் சிலர் ஒரே தலைப்பின்கீழ் கூட்டிக் காட்டுவதைக் கவனியுங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர் மத்திய அரசிடம் தன் பெயரில் வாங்கக்கூடிய கடன் 5,500 டாலர்தான். அதற்கு மேல் ‘கடன்’ என்று இருந்தால் அது பெற்றோர் தலையிலோ தனியார் வங்கியிலோ வந்து நிற்கும். தொகை போதவில்லையென்றால், காரணத்தையும் சான்றுகளையும் இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம். அதற்காக யாரும் சேர்க்கையைத் திரும்பப் பெறுவதில்லை.

இரண்டு கல்லூரிகளுக்கிடையே தடுமாறினால், சேர்க்கை பெற்ற மாணவர்களுக்காக ஏப்ரலில் நடத்தப்படும் நாட்களில் மீண்டும் ஒருமுறை சென்று, முதல் பயணத்தில் பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் கேட்டு வாருங்கள். முடிவு செய்ததும் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள். மற்றவற்றுக்கு ‘வரவில்லை’ என்று அன்றே தெரிவித்துவிடுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் வேறொரு மாணவர் இருக்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி கேட்டு வாங்கும் என்பதால், மதிப்பெண்கள் பெரிதும் சரிந்தால் சேர்க்கை ரத்தாகக்கூடும். ஜூன் வரை பாடங்களை விட்டுவிடாதீர்கள்.