கச்சான் நாளில் பிள்ளைக்கு வேர்க்காது: வெயில் காலத்தில் நாம் விடும் பிழைகள்

"வேர்க்கவேயில்லகா புள்ளைக்கு, பிறகு என்னத்துக்குத் தண்ணி?" என்று மாமி கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனி மாதம், பகல் இரண்டு மணி. கச்சான் காற்று கேற்றை அடித்து அடித்துத் திறந்துகொண்டிருந்தது. மூன்று வயது மகன் திண்ணையில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். நெற்றி, கழுத்து, முதுகு எங்கும் ஒரு துளி ஈரமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒண்டுக்குப் போனபோது பார்த்தால் பிளேன்டீ நிறம். காலை எட்டரைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வெயில் காலம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது சித்திரை வெயில். ஏப்ரல் இரண்டாம் வாரமளவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழிந்து சட்டை முதுகோடு ஒட்டும். இரண்டாவது கச்சான் காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் போன வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறும். அந்தக் காற்றில் வியர்வை தோலில் நிற்காது, வந்த உடனே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. (நாம் வறுத்துத் தின்னும் கச்சானுக்கும் இதே பெயர்தான். அந்த வறை சட்டிக்குள் நிற்பதுபோல இருப்பதால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே படும்.)

ஆகவே பெரிய பிழை இதுதான்: வெயிலைப் பார்க்கிறோம், காற்றைப் பார்ப்பதில்லை. வியர்வையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சிறுநீரைப் பாருங்கள். மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது, வெளிர் மஞ்சளாகப் போனால் பிள்ளைக்குத் தண்ணீர் காணும். பம்பஸ் கட்டும் பிள்ளையென்றால் அது கனக்கிறதா என்று தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

"தாகமெடுத்தால் கேட்பான்தானே" என்பது அடுத்தது. விளையாட்டில் இருக்கும் பிள்ளை கேட்காது. கேட்கும் நேரத்தில் ஏற்கெனவே காய்ந்து போயிருக்கும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளையின் உடம்பு வேகமாகச் சூடேறும். எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்வையும் குறைவு. நான் இப்போது கேட்பதை விட்டுவிட்டேன். எழும்பினால் ஒரு சின்னக் கப், முற்றத்துக்கு இறங்கமுன் ஒன்று, ஏறி வந்தால் ஒன்று, குளித்த பிறகு ஒன்று. திண்ணைக் கட்டில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்புக் கப் எப்போதும் இருக்கும். ஒரேயடியாகப் போத்தல் நிறையக் குடிக்க வைத்தால் சத்தி எடுப்பான், அதுவும் செய்து பார்த்தாயிற்று.

கைக்குழந்தை விசயத்தில் இதற்கு நேர் எதிரான பிழை நடக்கிறது. "நாக்கு வறண்டிருக்கு, ஒரு கரண்டி கொதிச்சாறின தண்ணி குடு" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு எந்த வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையக் குடியுங்கள். சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும், சுத்தமில்லாத தண்ணீரென்றால் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும். பால்மா குடிக்கும் பிள்ளைக்கு "வெயில்தானே" என்று தண்ணீரைக் கூட்டிக் கரைப்பதும் பிழை. பேணியில் எழுதியிருக்கிற அளவுதான் அளவு. வெளியே போகும்போது கரைத்த போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சுடுதண்ணீர் பிளாஸ்கில், மா தனியாக. தேவைப்படும்போது கரைத்து, ஆறவைத்துக் கொடுக்கலாம்.

பெரிய பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. சோடா, கலர் தண்ணீர், பெட்டிப் பானம் எல்லாம் சீனிதான். தாகம் அடங்கின மாதிரி இருக்கும், சாப்பாடு இறங்காது. இந்த ஊரில் வெயிலுக்கு வேறு வழியில்லாத மாதிரி ஏன் அதை வாங்குகிறோமென்று எனக்கு விளங்குவதேயில்லை. எருமைத் தயிரில் ஒரு அகப்பை எடுத்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு மோராக அடித்தால் ஒரு சட்டி ஒரு கிழமைக்குக் காணும். இளநீர், வத்தகப்பழம், வெடித்த வெள்ளரிப்பழத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பால், எல்லாம் சந்தையில் கிடக்கிறது. ஐஸ் பக்கெட்டைப் பற்றி ஒரு வரி: அதன் குளிரில் பயமில்லை, அதன் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதில்தான் பயம். வீட்டிலேயே கொதித்தாறிய தண்ணீரில் தோடம்பழச் சாறு விட்டு அச்சில் வைத்துவிடலாம்.

ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூள். இதில் நாங்கள் எல்லாரும் கைத்தேர்ச்சி பெற்றவர்கள் மாதிரி நடந்துகொள்வோம். பக்கெட்டைப் பிய்த்து, ஒரு கிளாஸில் "கொஞ்சம்" தூள், ருசிக்கு இரண்டு கரண்டி சீனி. அது மருந்தாக இருக்காது. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை அளந்து, முழுத்தூளையும் அதில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள். வயிற்றோட்டம், சத்தி இருந்தால் அது. சும்மா விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குத் தண்ணீரும் சோறும் போதும்.

இனி வீடு. தகரம், சீற் கூரை போட்ட வீடு மத்தியானத்தில் அடுப்பு. மேற்குப் பக்க யன்னல்களைத் திறந்து "காற்று வரட்டும்" என்று விட்டால் கச்சானை நாமே வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்துகிறோம். பகலில் அந்தப் பக்கத்தைச் சாத்துங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த பழைய சாரனைத் தொங்கவிடுங்கள். காய்ந்த காற்றில் நனைந்த துணி நன்றாகவே வேலை செய்யும், காற்று குளிர்ந்து வரும். சித்திரைப் புழுக்கத்தில் இதே வித்தை அவ்வளவாகப் பலிக்காது. பின்னேரம் கடற்காற்று திரும்பியதும் கிழக்கு யன்னலைத் திறக்கலாம். மின்விசிறியும் அப்படித்தான். அறையே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் அது சுடுகாற்றைத்தான் பிள்ளை மேல் அடிக்கும். கைகால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் சுகம்.

ஏணையில் கிடக்கும் பிள்ளைக்கு ஈ, வெளிச்சம் படாமல் மேலே ஒரு சேலையை மூடிவிடுவோம். ஏணையே பிள்ளையைச் சுற்றி மூடிய துணி. அதற்கு மேல் இன்னொன்று போட்டால் உள்ளே காற்றே இல்லை. தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். ஈக்கு நுளம்பு வலை போதும்.

"பின்னேரம் குளிக்க வார்த்தால் சளி பிடிக்கும்" என்று ஒரு நாளைக்கு ஒரு முழுக்குக்கு மேல் விடாத வீடுகள் இருக்கின்றன. சளி கிருமியால் வருவது, கிணற்றுத் தண்ணீரால் வருவதல்ல. இரண்டு தரம் வாருங்கள், துடைத்துவிடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாதீர்கள். அது வியர்வைத் துவாரத்தை அடைக்கும், தூசு மூச்சிலும் போகும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். கோயிலுக்கென்று சரிகை வைத்த நைலோன் பாவாடையைச் சித்திரையில் போட்டுவிடுவதை நான் இன்னும் முழுதாக விடவில்லை, படத்துக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே போவதில் ஒரு காட்சி. மத்தியானம் பன்னிரண்டரை, முன்பள்ளி விடும் நேரம். மோட்டார் சைக்கிள் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கும். அப்பா வந்து பிள்ளையைத் தூக்கி எண்ணெய்த் தாங்கிக்கு மேல் இருத்துவார். பிள்ளை துள்ளும், அழும். "சும்மா இரு" என்று அதட்டல் விழும். உள்ளங்கையை ஒருக்கா அந்தத் தாங்கியில் வைத்துப் பாருங்கள், அதட்ட மனம் வராது. துணியை நனைத்துத் துடைத்து, மடித்த துவாயை விரித்துவிட்டு இருத்துங்கள். இறக்கும்போது சைலன்சர் இல்லாத பக்கமாக இறக்குங்கள். கெண்டைக்காலில் அந்தத் தழும்புள்ள பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! பூங்காவின் தகரச் சறுக்கும் இதே சாதி. வாகனத்துக்குள் "ரெண்டு நிமிசம்" என்று பிள்ளையை விட்டுப் போவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யவே கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது உதவாது.

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகாமலும் இருக்கமாட்டோம். போங்கள். செருப்பைக் கழற்றிய பிறகு சுடுமணலில் பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள்.

இப்போது தண்ணீர். எனக்குப் பயம் இதில்தான்.

வெயில் காலம் எங்களுக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் காலம். மார்கழியில் கரைக்கே போக விடாதவர்கள் ஆனி ஆடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். அந்த நம்பிக்கையோடு பிள்ளையைக் கல்லடியில் இறக்குகிறோம். கல்லடி பாசிக்குடா அல்ல. திறந்த கடல், சில எட்டில் காலுக்குக் கீழே மணல் சரியும். இதற்குள் காற்று ஊதிய வாத்தும் டியூப்பும் வேறு. கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை கைதட்டிச் சிரித்துக்கொண்டே வெளியே போகும், நீந்தத் தெரிந்த அப்பாவாலும் எட்டிப் பிடிக்க ஏலாது. கச்சான் வீசும் நாளில் ஊதிய சாமான் எதையும் கடலில் இறக்காதீர்கள்.

வாவி வற்றும்போது கரை நீண்டு, சேறு காய்ந்து, விளையாட்டு மைதானம் மாதிரி ஆகிவிடும். உள்ளே தோணி ஓடும் பள்ளம் எங்கே தொடங்குகிறதென்று மேலே நின்று தெரியாது. முதலையும் உண்டு. பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் இதே ஏமாற்றுத்தான்.

ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கடல்தான் வேண்டுமென்றில்லை. ஒரு கையளவு ஆழத் தண்ணீரிலும் தவழும் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமே வராது. தண்ணீர் வெட்டு வரும் காலத்தில் வாளி, சட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். மூடி வையுங்கள் (நுளம்புக்கும் அதுதான் மருந்து), பாவிக்காத வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தோட்டத்தில் மணலைத் தோண்டின பூவல் கிணற்றுக்குக் கட்டு இருக்காது, சுற்றி வேலி கட்டுங்கள். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் இரண்டு வயதுப் பிள்ளையை ஒப்படைப்பதுதான் இந்தப் பிழைகளில் மிகக் கொடியது. அண்ணனும் பிள்ளைதான். பெரியவர் ஒருவர், கையில் போன் இல்லாமல், எட்டிப் பிடிக்கும் தூரத்தில்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆக்கிய பால் சொதியும் சோறும் பகல் சூட்டில் பின்னேரம் வரை வெளியே கிடந்தால் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சூடாக்கினால் சரி என்பது பிழை. சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. இரண்டு நேரமாக, குறையக் குறைய ஆக்குவது கரைச்சல்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைவிட அது லேசு.

வெயிலில் நின்று வந்த பிள்ளை சோர்ந்து, தலையிடி என்று சொல்லி, வயிற்றைப் பிரட்டினால் நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள். பெனடோல் வெயில் சூட்டை இறக்காது, கொலோன் பூசுவதும் வேண்டாம். கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் உளறினால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீரே இல்லையென்றால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பக்கத்துக் கோயில், பள்ளி, சந்தி பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவரை ஒழுங்கை முனையில் நிறுத்துங்கள். வண்டி வரும்வரை நனைத்து விசிறுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.