சென்னை வெயிலிலும் மாம்பழம், வாழைப்பழம் கெடாமல் வைப்பது எப்படி?

ராயபுரம், காசிமேடு பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழம் வைத்துச் சாப்பிடுவது தனிப்பாடு. வெயில் பாதி கெடுக்கிறது என்றால், கடல்காற்றின் ஈரம் மீதியைக் கெடுத்துவிடுகிறது. அதனால் இந்த முறையில் ஈரத்தைக் கவனிப்பதுதான் முக்கிய வேலை.

1. வாங்கும்போது செங்காயும் பழமும் கலந்து எடுங்கள். காம்போடு இருக்கட்டும். மாம்பழத்தில் அழுகல் பெரும்பாலும் காம்புப் பக்கம்தான் தொடங்குகிறது.

2. கழுவியதும் நன்றாகக் காய விடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். மேல்தோல் காய்ந்தது போலவே இருக்கும். காம்புக் குழியில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். அப்படியே கவரில் போட்டுக் கட்டினால் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்புப் பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து ஃபேன் காற்றில் வையுங்கள். குழியில் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால்தான் அடுத்த வேலை.

3. செங்காயை மளிகைக் கடைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இருக்கும் பரணும் வேண்டாம், சூட்டில் வெம்பிவிடும். சீக்கிரம் பழுக்க வேண்டுமா? கூடவே ஒரு பழுத்த வாழைப்பழத்தை வையுங்கள். அது விடும் எத்திலீன் வாயுவே போதும். கார்பைட் கல்லைத் தொடவே தொடாதீர்கள், அது தடை செய்யப்பட்டது.

4. காயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. மாங்காய்க்கு 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே குளிர் தாக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி வாக்கில் இருக்கிறது. தோலில் கரும்புள்ளி விழும், அப்புறம் வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்தபின் உள்ளே வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஓட்டை போட்ட கவர்தான் என் தேர்வு. காற்றுப் புகாத டப்பா நறுக்கிய துண்டுகளுக்கு மட்டும்.

5. வாழைச் சீப்பை மாம்பழத்திடமிருந்து தள்ளித் தொங்க விடுங்கள். டீக்கடையில் தாரைக் கயிற்றில் கட்டுவது நல்ல வழக்கம். அடிபடாது, காற்றும் படும். பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கருக்கும், உள்ளே நன்றாகவே இருக்கும்.

பின்சேர்க்கை: ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் பானை உதவுமா என்று தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். நம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பெரிதாகக் குளிராது. அதைவிட, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றோட்டமான நிழலில் ஒன்றோடொன்று உரசாமல் பரப்பி வையுங்கள். தினமும் காலையில் புரட்டிப் பார்த்து, கனிந்ததை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். புள்ளி விழுந்ததை உடனே தனியே எடுத்துவிடுங்கள்.