கூலிங் டவர் பம்ப்: சக்‌ஷன் பக்கத்தில் நடக்கும் தவறுகள்

பம்ப் வாங்கும்போது பலரும் இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஹெட் (அழுத்தத்தை நீரின் உயரமாக மீட்டரில் சொல்வது). பம்பின் சக்‌ஷன் பக்கத்தில், அதாவது தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில், அது போதிய அழுத்தத்தோடு வந்து சேருமா என்பதை இந்த இரண்டும் சொல்லாது. பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி உடையும் கேவிடேஷன் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

திறந்த தொட்டியிலிருந்து தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது சுமார் 10.3 மீட்டர் ஹெட். தொட்டியின் நீர்மட்டம் பம்புக்கு மேலே இருந்தால் அந்த உயரத்தைக் கூட்டுங்கள், கீழே இருந்தால் கழியுங்கள். அப்புறம் குழாய் உராய்வையும் நீராவி அழுத்தத்தையும் கழிக்க வேண்டும். 30 டிகிரியில் நீராவி அழுத்தம் அரை மீட்டர்கூட வராது. 60 டிகிரியில் 2 மீட்டர், 80 டிகிரியில் ஏறக்குறைய 5 மீட்டர். சூடான தண்ணீர் திரும்பும் பக்கத்தில் பம்ப் வைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மிஞ்சுவதுதான் கையிருப்பு என்.பி.எஸ்.எச். (நெட் பாசிட்டிவ் சக்‌ஷன் ஹெட்). அது போதாவிட்டால் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் தண்ணீர் கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் உடையும்போது உள்ளே சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்கும், இம்பெல்லர் அரிக்கும்.

பம்ப் கேட்கும் என்.பி.எஸ்.எச். என்று கேட்லாக்கில் உள்ள எண்ணைக் கையிருப்பு தொட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. ஹெட் ஏற்கெனவே 3 சதவீதம் குறைந்துவிட்ட நிலையில் எடுத்த அளவு அது. குமிழிகள் அதற்கு முன்பே வந்திருக்கும். ஒரு மீட்டராவது கூடுதலாக வையுங்கள்.

அடுத்தது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய பம்ப் வாங்குவது. உண்மையான எதிர்ப்பு கணக்கைவிடக் குறைவாக இருந்தால் ஓட்டம் கூடும், பம்ப் கேட்கும் என்.பி.எஸ்.எச்.சும் ஏறும். சரி, ஓட்டத்தைக் குறைக்கலாம் என்று சக்‌ஷன் வால்வைத் திருகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குறைக்க வேண்டியது தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வை. இடமும் பணமும் இருந்தால் 2900 ஆர்.பி.எம். பம்புக்குப் பதில் 1450 பம்பை எடுங்கள். அதே ஓட்டத்துக்கு அது கேட்கும் என்.பி.எஸ்.எச். பொதுவாகக் குறைவு.

குப்பையைத் தடுக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெயினரைச் சுத்தமான நிலையில் கணக்குப் போடாதீர்கள். டவர் தண்ணீரில் தூசியும் பாசியும் சேரத்தான் செய்யும். சக்‌ஷனில் ரெட்யூசர் (குழாயின் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) போட்டால், தட்டையான பக்கம் மேலே வரும் வகைதான் வேண்டும். இல்லாவிட்டால் காற்று தங்கும்.

தண்ணீர் வெளிக்காற்றைத் தொடாத மூடிய சுற்றாக இருந்தால், தண்ணீர் சூடாகி விரிய இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கைப் பம்பின் சக்‌ஷன் பக்கத்திலேயே இணையுங்கள். டெலிவரி பக்கம் இணைத்தால், பம்ப் ஓடத் தொடங்கியதும் சக்‌ஷன் அழுத்தம் கீழே இறங்கிவிடும்.