ஒரு ஆப் திணறினால் அதற்கு மட்டும் வேகம் கூட்டுங்கள்

லினக்ஸில் ஆடியோ, கேம் மாதிரி ஒரே ஒரு ஆப் மட்டும் விட்டுவிட்டு ஓடினால், கவர்னரை (சிபியு வேகத்தை முடிவு செய்யும் அமைப்பு) எப்போதும் உச்ச வேகம் கேட்கும் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்ற வேண்டாம். சுமைக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் ஸ்கெட்யூட்டில் (schedutil) கவர்னரிலேயே இருக்கட்டும், அந்த ஆப்பை மட்டும், ஆப்புக்குத் திறன் வரம்பு வைக்கும் யூகிளாம்ப்செட் (uclampset) கட்டளை வழியாக, குறைந்தபட்ச அளவு 512 என்று கொடுத்துத் திறங்கள். அளவுகோல் 0 முதல் 1024 வரை என்பதால் 512 என்பது ஏறக்குறைய பாதித் திறன். அங்கிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். நேராக 1024-க்குப் போனால் பேட்டரிதான் அழும்.

ஸ்கெட்யூட்டில், ஷெட்யூலர் (எந்த ஆப் எப்போது சிபியுவில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) கணக்கிடும் சுமையைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறது. அந்தக் கணக்கில் பழைய சுமையின் மதிப்பு 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் சில மில்லிசெகண்ட் ஓடித் தூங்கும் ஆப் எப்போதும் 'லேசான வேலை' போலவே தெரியும். வேகம் ஏறுவதற்குள் ஃபிரேம் தவறிவிடும். குறைந்தபட்சம் வைத்தால், ஆப் விழித்ததுமே கோர் அந்த வேகத்தைக் கேட்கும், தூங்கியதும் விட்டுவிடும். (அதே அதிர்வெண்ணைப் பகிரும் மற்ற கோர்களும் கூடவே ஏறும், அதைத் தவிர்க்க முடியாது.)

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.3-க்கு முந்தையதாக இருந்தாலோ, யூகிளாம்ப் வசதி இல்லாமல் கட்டப்பட்டிருந்தாலோ இது வேலை செய்யாது. இன்டெல் சிபியுவின் வேகத்தைக் கையாளும் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் மோடில் இருந்தால் ஸ்கெட்யூட்டிலே கிடையாது, முதலில் பாசிவுக்கு மாற்ற வேண்டும். வீடியோ என்கோடிங், கம்பைல் போன்றவை எப்படியும் முழுச் சுமைதான். அவற்றுக்கு இதனால் பயன் எதுவும் இல்லை.