காருக்கு நைட்ரஸ்: வன்னி வெயிலில் பொருத்துவோர் அறியவேண்டியவை

காரின் வலுவைக் கூட்ட எஞ்சினுக்குள் செலுத்தும் நைட்ரஸ் ஒக்சைட் வாயு எரிபொருள் அன்று. எஞ்சினின் சூட்டில், ஏறத்தாழ 300 பாகை செல்சியசில், அது உடைந்து ஒட்சிசனை விடுவிக்கிறது. அதற்கு ஈடாகப் பெற்றோலும் கூடுதலாக இறங்கினால்தான் வலு கூடும். பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும்.

முதலில் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் எஞ்சின் வேலையை முடித்துவிட்டு வாருங்கள். புகை தள்ளும் எஞ்சினுக்கு நைட்ரஸ் வேண்டவே வேண்டாம்.

வாயுவையும் பெற்றோலையும் சேர்த்தே தெளிக்கும் 'வெட்' வகையை வாங்குங்கள். நான்கு சிலிண்டர் காருக்கு 35 முதல் 50 குதிரைவலு கூட்டும் ஜெட் (வாயுவை அளந்து விடும் துளைமுனை) போதும். தீப்பொறி நேரத்தை 2 பாகை பின்தள்ளி, ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போடுங்கள். 95 ஒக்டேன் இருக்கும் பெற்றோல் செட்டைத் தேடிப்போய் அடியுங்கள். கானில் நாட்பட்டுக் கிடந்த பெற்றோல் ஆகாது.

வன்னியில் வாயு அடைத்த போத்தல்தான் பெரிய விடயம். உகந்த அழுத்தம் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). குளிர்நாட்டார் அதற்காகப் போத்தலைச் சூடாக்கும் கருவி பொருத்துகிறார்கள்; சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் பூட்டி நிறுத்திய காருக்கு அது தேவையே இல்லை. 36.4 பாகையைத் தாண்டினால் உள்ளே திரவம் என்பதே இராது, அழுத்தம் 1,050க்கு மேல் ஏறும். வாயு மிகுதியாகப் பாயும், பெற்றோல் ஈடுகொடுக்காது. இன்னும் ஏறினால் பாதுகாப்புத் தகடு வெடித்து முழு வாயுவும் காருக்குள் நிறையும், மூச்சு முட்டும். ஆகவே தகட்டிலிருந்து வெளியே ஒரு குழாய் கட்டாயம் போகவேண்டும். வெயிலில் நிறுத்துவதென்றால் போத்தலைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

மின்னிணைப்பில் ரிலே, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் இயங்கும் சுவிட்ச், பெற்றோல் அழுத்தம் விழுந்தால் வாயுவை நிறுத்தும் சுவிட்ச் மூன்றும் வேண்டும். 3,000 ஆர்.பி.எம்முக்குக் கீழே வாயு திறக்கவே கூடாது. மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் கழற்றி மீண்டும் இறுக்குங்கள். கசிந்த வாயு மனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயில்) தேங்கியிருக்கையில் ஸ்டார்ட் செய்தால் மனிஃபோல்ட் வெடித்துப் பிளக்கும். கார் நின்றதும் போத்தல் வால்வை மூடுங்கள்.

தம்பிமாரே, ஏ-9 வீதியில் சோதிக்காதீர்கள். மாடும் உழவு இயந்திரமும் குறுக்கே வரும் வீதி அது. மூடிய ஓடுதளத்தில், மூன்றாம் கியரில், சில விநாடிகள் போதும். உடனே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. வெளிறியிருந்தாலோ, உப்புத்தூள் போல அலுமினியத் துகள் ஒட்டியிருந்தாலோ, வாயு ஜெட்டை ஓர் அளவு சிறிதாக்கிய பிறகே மறுபடி ஓட்டுங்கள்.